பிறர் கட்டிய கலத்தை வாங்குமுன்

1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதலாந் திகதி, அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்ரர்த் துறைமுகத்தில் இரு பாய்மரங்களையுடைய கப்பலொன்று வந்து நங்கூரமிட்டது. மீன்பிடித் தொழிலுக்கும் பாய்க்கப்பல்களுக்கும் பெயர்பெற்ற அத்துறைமுகத்தார்க்குக் கப்பல் புதுமையன்று. அது புறப்பட்டு வந்த ஊரே புதுமை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலுள்ள வல்வெட்டித்துறையில், பெரிய ஆலை எதன் உதவியுமின்றி, ஊர் மேத்திரிமாரின் உளியாலும் வாய்ச்சியாலும் வேப்பமரத்தில் உருவான கப்பல் அது. அதன் நீளம் ஏறத்தாழ 90 அடி. அன்னபூரணி அம்மாள் என்பது அதன் பிறவிப் பெயர்.

அதனை விலைகொடுத்து வாங்கியவர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்னும் அமெரிக்கர். அவர் கடலறியாத செல்வரல்லர். 1928 முதல் 1931 வரை, 32 அடி நீளமேயுள்ள ‘ஸ்வாப்’ என்ற சிறு பாய்க்கலத்தில் உலகைச் சுற்றி வந்தவர். வல்வெட்டித்துறைக் கப்பலின் அழகிலும் உறுதியிலும் மனம் பறிகொடுத்து அதனை வாங்கித் தம் மனைவியின் பெயரை அதற்குச் சூட்டினார். தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையின் தலைமையில் வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் சூயெஸ் கால்வாய் வழியாகவும், மத்தியதரைக் கடல் வழியாகவும், அத்திலாந்திக் பெருங்கடலைக் கடந்தும் கொண்டு சென்றனர்.

இந்த வரலாற்றைப் பேசுவோர் பெரும்பாலும் மாலுமிகளின் துணிவைப் புகழ்வர். அப்புகழ் தகுதியானதே. ஆயினும் இதனுள் மற்றோர் உண்மையும் அடங்கியிருக்கின்றது. றொபின்சன் வாங்கியது, பிறர் தம் கையால் கட்டிப் பிறர் ஓட்டிய கலம். ஆலையில் ஆயிரக்கணக்கில் ஒரே அச்சில் வார்த்த பொருளாயின், ஒன்றை அறிந்தவன் மற்றெல்லாவற்றையும் அறிவான். கையால் கட்டிய கலமோ ஒவ்வொன்றும் தனிப்பிறவி. அதன் குணமும் குற்றமும் கட்டியவன் மனத்திலும் ஓட்டியவன் கையிலுமே இருக்கின்றன. வல்வெட்டித்துறைக் கப்பல் விலைப்பட்டபோது, அதனை அறிந்தவர்களும் அதனோடு சென்றனர். கலம் கைமாறியது, அறிவும் உடன் சென்றது. அதனாலேயே அது கரை சேர்ந்தது எனலாம்.

நீரில் மிதக்கும் கலத்திற்குப் பொருந்தும் இவ்வுண்மை, வானில் மிதக்கும் கலத்திற்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். ஆகாய விமானமும் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணிகள் விமானம் 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி இரத்மலானையிலிருந்து எழுந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னை சென்றது. பலாலி விமானத்தளம் 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்து வைக்கப்பட்டது. இவையெல்லாம் பெரிய ஆலைகளில் பிறந்த விமானங்களின் கதை. வீட்டுக் கொட்டிலிலே தனி மனிதன் தன் கையால் கட்டும் சிறு விமானம் என்பது வேறொரு மரபு.

அம்மரபு அமெரிக்காவிலே வேரூன்றியது. 1953இல் மில்வோக்கி நகரில் போல் பொபெறெஸ்னி என்பவர் இத்தகைய ஆர்வலரைத் திரட்டிச் சங்கமொன்றை நிறுவினார். இன்று பல்லாயிரம் பேர் வரைபடத்தை வாங்கியோ, பாதி செய்த பாகங்களைப் பெட்டியில் வருவித்தோ, ஆண்டுக்கணக்காக உழைத்து இரண்டு அல்லது நான்கு இருக்கை விமானங்களைக் கட்டுகின்றனர். வேலையின் பெரும்பகுதியைத் தன் கல்விக்காகவோ பொழுதுபோக்கிற்காகவோ கட்டுபவரே செய்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். அவ்வாறு கட்டிய விமானம் ‘பரிசோதனை வகை’ என்ற பெயரோடு பறக்கின்றது. அச்சொல் விமானத்திலே எழுதப்பட்டிருக்கும். ஆலை விமானங்களுக்குரிய தரவிதிகளுக்கு அது அமைந்ததன்று என்று ஏறுபவரை எச்சரிக்கும் பலகையும் உள்ளே பொருத்தப்பட்டிருக்கும். இங்கிலாந்து, கனடா, அவுஸ்திரேலியா முதலிய நாடுகளிலும் இம்மரபு தழைத்திருக்கின்றது. அந்நாடுகளில் வாழும் யாழ்ப்பாணத்தவரின் பிள்ளைகளுக்கு, பழைய மோட்டார் வண்டி வாங்குவதுபோல் இத்தகைய விமானமொன்றை வாங்கும் வாய்ப்பு எட்டாக் கனியன்று. விலை குறைவு, தோற்றம் அழகு, விற்பவர் நல்லவர். ஆசை எழுவது இயல்பே. அவ்வாசைக்கு முன் நிற்க வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு.

அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வரின் பெயரை உலகம் அறியும். அவர் 2,700 மணித்தியாலங்களுக்கு மேல் பறந்து பழகிய விமானியுமாவார். 1997 ஒக்ரோபரில் அவர் ‘லோங் ஈஸி’ என்னும் இரு இருக்கை விமானமொன்றை வாங்கினார். அதன் வடிவத்தை அமைத்தவர் பேர்ட் றூட்டன். எரிபொருள் நிரப்பாமலும் இடையில் இறங்காமலும் 1986 டிசெம்பரில் உலகைச் சுற்றிய ‘வொயேஜர்’ விமானத்தை வடிவமைத்தவரும் அவரே. ஆகவே வடிவத்தில் ஐயமில்லை. ஆனால் டென்வர் வாங்கிய விமானத்தைக் கட்டியவர் றூட்டனல்லர். வரைபடத்தைப் பார்த்து ஒரு தனி மனிதர் கட்டியது அது. பின்னர் கைமாறி டென்வரிடம் வந்தது.

அவ்விமானத்தில் இரு எரிபொருள் தாங்கிகள் உண்டு. இடத் தாங்கியிலிருந்தா வலத் தாங்கியிலிருந்தா எரிபொருள் செல்ல வேண்டும் என்பதை விமானி ஒரு திருகியால் தெரிவு செய்வார். வரைபடத்தின்படி அத்திருகி விமானியின் முன்னே, எளிதில் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டியது. கட்டியவரோ எரிபொருட் குழாய் விமானி அமருமிடத்தினுள் வரலாகாது என்று எண்ணி, அதனை விமானியின் இடத் தோளுக்குப் பின்னே அமைத்துவிட்டார். அவர் எண்ணம் தீயதன்று. தீ விபத்திற்கு அஞ்சிச் செய்த மாற்றமே. ஆனால் திருகியைத் திருப்ப வேண்டுமாயின், விமானி உடலைத் திருப்பிக் கையைப் பின்னே நீட்ட வேண்டும். எரிபொருளின் அளவைக் காட்டும் குழல்களும் பின்னிருக்கையின் பக்கம் இருந்தன. அவற்றில் அளவுக் குறிகளும் இல்லை.

இவையெல்லாம் மறைந்திருந்த குற்றங்களல்ல. ஒக்ரோபர் 12ஆம் திகதி மாலை, பறப்பதற்குமுன், திருகியின் கடினத்தைப் பற்றி டென்வரும் ஒரு தொழில்நுட்பவியலாளரும் பேசிக்கொண்டனர். குறடு ஒன்றைப் பொருத்திப் பிடியை நீட்டிப் பார்த்தனர்; வாரைக் கட்டிக்கொண்டு இருக்கையில் அமர்ந்தபின் அப்பொழுதும் அது எட்டவில்லை. அளவுக் குழல்களைப் பார்க்க அத்தொழில்நுட்பவியலாளர் ஒரு சிறு கண்ணாடியைக் கொடுத்தார். எரிபொருள் நிரப்பட்டுமா என்ற கேள்விக்கு, ஏறத்தாழ ஒரு மணி நேரமே பறக்கப் போவதாகச் சொல்லி டென்வர் வேண்டாமென்றார். அந்த விமானத்தை ஓட்டப் பழகுவதற்காக முன்னர் அவர் பறந்தது சுமார் அரை மணி நேரமே. கலிபோர்ணியாவின் மொன்ரறே விமான நிலையத்திலிருந்து அவர் எழுந்தார். இறங்குவதும் எழுவதுமாகச் சிலமுறை பயின்றபின் கடற்பக்கம் திரும்பினார். சிறிது நேரத்தில் விமானம் கடலில் வீழ்ந்தது. அப்போது அவருக்கு வயது 53.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ஆராய்ந்து தன் முடிவை வெளியிட்டது. திருகியைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, தம்மை அறியாமலே வலக் காலால் சுக்கான் மிதியை அழுத்திவிட்டமையால் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பது அம்முடிவு. எரிபொருள் நிரப்பாது சென்றமையும் காரணமாகக் கொள்ளப்பட்டது. திருகியின் இடம், குறியில்லாத அளவுக் குழல்கள், அவ்வகை விமானத்தில் போதிய பயிற்சியின்மை ஆகியனவும் சேர்த்துச் சொல்லப்பட்டன.

வல்வெட்டித்துறைக் கப்பலையும் இவ்விமானத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேற்றுமை விளங்கும். அங்கே கலத்தோடு அதனை அறிந்தவர்கள் சென்றனர். இங்கே கலம் மட்டும் கைமாறியது. அதனைப் பற்றிய அறிவு அரை மணி நேர அளவே கைமாறியது. இது தனியொருவருக்கு நேர்ந்த விபரீதமும் அன்று. அதே சபை 2012இல் வெளியிட்ட ஆய்வின்படி, முந்திய ஆண்டில் விபத்துக்குள்ளான கையாற் கட்டிய விமானங்களுள் பாதிக்கு மேற்பட்டவை, கட்டியவரிடமன்றி, பின்னர் வாங்கியவரிடம் இருந்தவை. புதிதாக வாங்கியவரின் முதற் பறப்பிலேயே வீழ்ந்தவையும் அவற்றுள் உண்டு.

ஆகவே, பிறர் கட்டிய விமானத்தை வாங்க எண்ணுபவர் முதலில் ஆராய வேண்டியது விமானத்தையன்று, அதனைக் கட்டியவரை. மரவள்ளம் வாங்கப் போகும் கடற்றொழிலாளி, கலத்தைத் தொடுமுன் எந்த மேத்திரி கட்டியது என்றுதானே கேட்கின்றான்? அதே கேள்வி இங்கும் பொருந்தும். கட்டியவர் இதற்குமுன் வேறு விமானம் கட்டியவரா? இதனைக் கட்ட எத்தனை ஆண்டுகள் எடுத்தார்? இடையிலே வேலையை விட்டு வேறொருவர் முடித்தாரா? ஒருவர் தொடங்கி மற்றவர் முடித்த வேலையில், ஒருவர் செய்ததாக மற்றவர் எண்ணி இருவருமே செய்யாது விட்ட பகுதிகள் இருத்தல் கூடும். நல்ல கட்டுநர் நாட்குறிப்பும் நிழற்படங்களும் வைத்திருப்பார். சிறகை மூடுமுன் எடுத்த ஒரு படம், மூடியபின் சொல்லும் ஆயிரம் உறுதிமொழிகளிலும் மேலானது. கட்டியவர் உயிரோடிருந்தால் அவரிடமே நேரிற் சென்று பேசுதல் வேண்டும். இடையில் விமானத்தை வைத்திருந்தவர்களிடமும் பேசுதல் வேண்டும்.

அடுத்தது பத்திரங்கள். பறப்பு நாட்குறிப்பு, இயந்திர நாட்குறிப்பு, எடைக் கணக்கு, அரசாங்கம் விதித்த பறப்பு வரம்புகள் ஆகிய யாவும் விமானத்தோடு இருக்க வேண்டும். புதிதாகக் கட்டிய விமானம் அமெரிக்காவில் முதலில் 25 அல்லது 40 மணித்தியாலம் குறித்ததோர் எல்லைக்குள் தனியே பறந்து சோதிக்கப்படுவது வழக்கம். சான்று பெற்ற இயந்திரமும் அதற்கேற்ற சுழலியும் இணைந்திருந்தால் குறைந்த நேரம். இன்றேல் கூடிய நேரம். அந்த மணித்தியாலங்கள் உண்மையாகவே பறக்கப்பட்டனவா, அல்லது பேனாவினால் மட்டும் பறக்கப்பட்டனவா என்பதை நாட்குறிப்பு காட்டிவிடும். ஒவ்வொரு பறப்பிலும் கண்ட வேகம், வெப்பம், குறை, திருத்தம் ஆகியவை எழுதப்பட்டிருந்தால் மெய். ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே வசனம் பக்கம் பக்கமாக வந்தால் ஐயுற வேண்டும். கட்டியவருக்கு வழங்கப்படும் பழுதுபார்க்கும் சான்று வாங்குபவரைச் சேராது என்பதும் நினைவிலிருக்க வேண்டும். அமெரிக்காவில் ஆண்டுப் பரிசோதனையைக் கட்டியவர் தம் சான்றினாலே செய்துகொள்ளலாம். உரிய சான்றில்லாத வாங்குபவரோ தகுதிபெற்ற தொழில்நுட்பவியலாளரைத் தேடிச் செல்ல வேண்டும்.

மூன்றாவது, வரைபடத்திலிருந்து விலகிய இடங்கள். வாங்குபவர் மூல வரைபடத்தையும் வடிவமைத்தவர் காலத்துக்குக் காலம் வெளியிட்ட திருத்த அறிவித்தல்களையும் கையில் வைத்துக்கொண்டு விமானத்தைச் சுற்றி வர வேண்டும். எங்கே மாற்றம் உண்டோ அங்கே, ஏன் என்று கேட்க வேண்டும். மாற்றமெல்லாம் குற்றமன்று. எனினும் கட்டியவருக்கு வசதியான மாற்றம் ஓட்டுபவருக்கு இடராகலாம் என்பதற்கு டென்வரின் விமானமே சான்று. வாங்குபவர் இருக்கையில் அமர்ந்து, வாரை இறுகக் கட்டி, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு பிடியையும் திருகியையும் தொட்டுப் பார்க்கட்டும். நிலத்திலே எட்டாத பிடி வானத்திலும் எட்டாது.

நான்காவது, உடம்பு. இங்கேதான் யாழ்ப்பாணத்துக் கடற்கரையின் அறிவு பெரிதும் கைகொடுக்கும். பழைய மரக்கலத்தை வாங்குபவர் அதன் வண்ணத்தைப் பார்ப்பதில்லை. அடியிலுள்ள ஏராவையும், விலா எலும்புகள் போன்ற வங்குகளையும், பலகை பலகையோடு சேரும் இடுக்கில் அடைத்த கலப்பற்றையும் பார்ப்பார். விரல் முட்டியால் தட்டிக் கேட்பார். கத்தி முனையால் குத்திப் பார்ப்பார். உள்ளே குனிந்து மணத்தை நுகர்ந்து பார்ப்பார். மரத்தாலான விமானத்திற்கும் இதுவே முறை. மரம் உக்குவது நீர் தேங்கும் இடத்திலே. சிறகின் பின்னோரம், உடலின் அடிப்புறம், நீர் வடியும் துளைகளின் அருகு ஆகியவற்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அத்துளைகள் வண்ணத்தால் அடைபட்டிருத்தல் சாதாரணமாகக் காணும் குற்றம். மரத்தை ஒட்டிய பசை எதுவென்றும் கேட்க வேண்டும். பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசையால் ஒட்டிய பழைய விமானங்கள் உண்டு. ஈரம் பட்டால் அப்பசை பூஞ்சணம் பிடித்து வலுவிழக்கும். பாசி மணம் வீசும் விமானத்தை அந்த மணத்தோடே விட்டு வருதல் நன்று.

துணி போர்த்த விமானமாயின், வெயில் அத்துணியின் எதிரி. வெளியே வண்ணம் பளபளத்தாலும் உள்ளே இழை நைந்திருக்கக் கூடும். அதற்குரிய கருவியால் அழுத்திச் சோதிக்க வேண்டும். உருக்குக் குழாய்ச் சட்டமாயின், துரு வெளியிலன்றிக் குழாயின் உள்ளே, நீர் வந்து தங்கும் தாழ்ந்த முனையிலே தொடங்கும். அலுமினியமாயின், தறையாணிகளைச் சுற்றிக் கரும்புகை படிந்தாற் போன்ற கறை தெரிகின்றதா என்று பார்க்க வேண்டும். அக்கறை, ஆணி தளர்ந்து தகடுகள் ஒன்றோடொன்று உராய்வதைக் காட்டும். உப்புக்காற்று அலுமினியத்தைப் படை படையாக அரிக்கும். குடாநாட்டிலே கடலுக்குத் தொலைவு என்று சொல்லத்தக்க இடம் ஏதுமில்லையாதலால், கடற்கரை வாழ்க்கை இரும்புக்கும் தகட்டுக்கும் என்ன செய்யும் என்பதை இங்குள்ளார்க்கு விளக்க வேண்டுவதில்லை. கடலோரம் பல ஆண்டு நின்ற விமானத்தை இரட்டிப்பு ஐயத்தோடு நோக்க வேண்டும்.

கண்ணாடி இழையாலும் நுரைப் பொருளாலும் ஆன விமானமாயின் வேறொரு சோதனை உண்டு. மண்பானை வாங்குபவள் விரலால் சுண்டி ஓசையைக் கேட்பாள் அன்றோ? அவ்வாறே நாணயமொன்றால் மேற்பரப்பெங்கும் மெல்லத் தட்டிக்கொண்டு செல்ல வேண்டும். தெளிந்த ஓசை நல்லது. ஓரிடத்தில் ஓசை மந்தமானால், அங்கே இழை உள்ளிருக்கும் நுரையை விட்டுப் பிரிந்திருக்கலாம். இத்தகைய விமானங்கள் பெரும்பாலும் வெண்ணிறம் பூசப்பட்டிருப்பது அழகுக்காக மட்டுமன்று. கருநிறம் வெயிலை உறிஞ்சி, இழையைப் பிணைக்கும் பிசினை இளகச் செய்யும். கட்டியபின் எவரேனும் கருநீலமோ கருஞ்சிவப்போ பூசியிருந்தால், ஆசையைச் சிறிது அடக்கிக்கொள்ள வேண்டும்.

எப்பொருளாலான விமானமாயினும் இணைப்பாணிகளைப் பார்க்க வேண்டும். விமானத்திற்கென்று செய்த ஆணியின் தலையில் தரக்குறி பொறித்திருக்கும். குறியில்லாத கடை ஆணி ஒன்றைக் கண்டால், காணாத இடங்களிலும் அத்தகையவை இருக்குமென்றே கொள்ள வேண்டும். சுக்கான்களை இயக்கும் கம்பிகள் உருளைகளின் மேல் வளையும் இடத்தில் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். அறுந்த இழை துணியில் சிக்கிக் காட்டிக்கொடுக்கும்.

ஐந்தாவது, இயந்திரம். லைக்கோமிங், கொன்ரினென்ரல் போன்ற விமான இயந்திரங்களும் உண்டு; வொக்ஸ்வாகன், சுபாறு போன்ற மோட்டார் வண்டி இயந்திரங்களை மாற்றியமைத்துப் பொருத்துவதும் உண்டு. எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று மட்டும் கேட்டால் போதாது. எத்தனை ஆண்டுகள் ஓடாமல் கிடந்தது என்றும் கேட்க வேண்டும். பத்து ஆண்டில் ஐம்பது மணித்தியாலம் ஓடிய இயந்திரம், வாரந்தோறும் ஓடிய இயந்திரத்தைக் காட்டிலும் உள்ளே துருவேறியிருக்கக் கூடும். ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றைச் செலுத்தி எவ்வளவு அழுத்தம் நிலைக்கின்றது என்று அளந்து, ஒன்றுக்கொன்று பெரிய வேற்றுமை உண்டா என்று பார்க்க வேண்டும். எண்ணெய் வடிகட்டியை அறுத்து விரித்து உலோகத் துகள் உண்டா என்று நோக்க வேண்டும்.

இயந்திரம் என்றவுடன் யாழ்ப்பாணத்தார்க்குப் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில், சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெயிலே அவற்றை ஓட்டிய கைவன்மை சிறிதன்று. கிடைத்ததைக் கொண்டு இயக்கும் அந்தத் திறமை நிலத்துக்குப் பெருமை தருவது. ஆனால் வீதியில் நின்ற காரை நாலு பேர் சேர்ந்து தள்ளலாம்; வானத்திலே தள்ளுவார் இல்லை. இயந்திரம் ஓடுகின்றது என்பது விமானத்தை வாங்குவதற்குப் போதிய காரணமாகாது.

ஆறாவது, எடையும் சமநிலையும். மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுபவர் முன்பாரம், பின்பாரம் பார்த்தே ஏற்றுவார். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழுந்து மாட்டை நெரிக்கும். விமானத்திலோ பின்பாரம் உயிரைக் கேட்கும். பாரம் பின்னே மிகுந்தால் மூக்கு மேலெழும். வேகம் குன்றி ஏந்துவிசை அற்று வீழத் தொடங்கினால் மீட்டெடுத்தல் அரிது. கட்டியவர் முதலில் எழுதிய எடைக் கணக்கு, பின்னர் பூசிய வண்ணத்தையும் பொருத்திய கருவிகளையும் அறியாது. ஆகவே வாங்குமுன் விமானத்தைத் தராசுகளின் மேல் நிறுத்தி மீண்டும் நிறுத்துப் பார்த்தல் நன்று. வாங்குபவர் தம் எடையையும், உடன் வருபவர் எடையையும், நிறைந்த தாங்கியின் எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், இரண்டு இருக்கை விமானம் என்று விற்கப்பட்டது உண்மையில் ஒருவரை மட்டுமே சுமக்கத் தக்கது என்பது சில வேளை வெளிப்படும்.

ஏழாவது, சட்டம். பரிசோதனை வகை என்று ஒரு நாடு வழங்கிய சான்றை மற்ற நாடு தானாகவே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இலங்கைக்குக் கொணர எண்ணுபவர், பணம் கொடுத்தபின் அன்று, கொடுக்குமுன்னரே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் எழுத்து மூலமான விடையைப் பெறுதல் வேண்டும். மும்பையில் விமானி ஒருவர் தம் வீட்டு மொட்டை மாடியிலே ஆறு இருக்கை விமானமொன்றைக் கட்டினார். பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2017இலேயே அதற்குப் பதிவு கிடைத்தது. பறக்க அனுமதியில்லாத விமானம் முற்றத்தில் நிற்கும் விலையுயர்ந்த கோழிக்கூடாகவே முடியும்.

இத்தனையும் வாங்குபவர் தாமே பார்த்து முடிக்கத் தக்கவை அல்ல. அதே வகை விமானத்தைக் கட்டிய அனுபவமுள்ள ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்ல வேண்டும். அவர் விற்பவரின் நண்பராக இருத்தலாகாது. வாங்குபவரின் ஆசையில் பங்குகொள்பவராகவும் இருத்தலாகாது. அவர் கண்ட குறைகளைத் தாளில் எழுதித் தரச் செய்து, ஓரிரவு கழிந்தபின் விலை பேசுவது நலம். உடனே முன்பணம் தாராவிடின் வேறொருவர் வாங்கிவிடுவார் என்ற சொல், மாட்டுச் சந்தையிலும் கேட்ட சொல்லே.

எல்லாம் நன்றென்று கண்டு வாங்கிய பின்னரும் ஒன்று எஞ்சியிருக்கின்றது, அதுவே தலையாயது. கலத்தோடு அதன் அறிவும் கைமாற வேண்டும். அவ்வகை விமானத்தில் தேர்ந்த ஆசிரியரிடம் பல மணித்தியாலம் பயின்ற பின்னரே வாங்கியவர் தனியே பறக்க வேண்டும். பெரிய விமானத்தில் ஆயிரக்கணக்கான மணித்தியாலம் பறந்தவர்க்கும் இவ்விதியில் விலக்கில்லை; பெரிய கப்பலின் தலைவனும் சிறு தோணியில் கவிழக் கூடும். விமானத்தை ஓட்டி வந்தவரிடம் அதன் பழக்கங்களைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். எந்த வேகத்தில் அது நடுங்கத் தொடங்கும், இறங்குகையில் எப்பக்கம் சாய முயலும், வெப்பம் மிகுந்த நாளில் இயந்திரத்தை மீண்டும் இயக்குவது எவ்வாறு என்பன எந்த வரைபடத்திலும் எழுதப்பட்டிருப்பதில்லை. முதல் நாளில் தாங்கிகளை நிரப்பிக்கொண்டு, தனியே, விமான நிலையத்தை விட்டு விலகாது பறக்க வேண்டும். மனைவி மக்களை ஏற்றும் நாள் பின்னர் வரட்டும்.

வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தைச் செதுக்கிய மேத்திரிமார் தம் கப்பல் அத்திலாந்திக்கைக் கடக்கும் என்று எண்ணிக் கட்டியிருக்க மாட்டார்கள். வங்கக் கடலில் சரக்கேற்றி வருவதற்கென்றே கட்டினர். ஆயினும் மூடப்பட்ட பலகைகளின் உள்ளே, எவர் கண்ணுக்கும் தெரியாத இடத்திலும், வேலை செம்மையாக இருந்தது. அக்கப்பலின் போக்கை அறிந்தவர் கையிலே சுக்கானும் இருந்தது. கையாற் கட்டிய கலத்தை வாங்குபவர் தேட வேண்டியவை இவ்விரண்டுமே. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், விலை எவ்வளவு மலிவாயினும், வெறுங்கையோடு வீடு திரும்புதலே அறிவுடைமை. அந்த விமானம் வேறொருவருக்கு விற்கப்படலாம். திரும்பி வந்தவருக்கு நாளை வேறொரு விமானம் கிடைக்கும்.